துண்டு போட்ட சீட்டு

எங்கள் ஆபீஸில் நான் பார்த்த வேலைக்கு இப்போது ஆள் கிடையாது. சர்வரைச் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே யாரோ ஒருவருடைய பெரிய கட்டடத்தில் இருக்கிறதாம். சர்வருக்குள் வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவே எச்சரிக்கை காட்டி, அதுவே வெளியே அனுப்பிவிடுமாம். போன வாரம் பாஸ்கர் வீட்டுக்கு வந்து சொன்னான். பாஸ்கர் எங்கள் ஆபீஸில் டைப் அடிப்பவன். என்னோடு பல வருஷம் இருந்தவன்.

"அண்ணா, நீங்க பாத்த வேலைய இப்ப ஒரு செட்டிங் பாக்குது."

"லீவு கேக்காதுல்ல. நல்லதுதான்," என்றேன்.

"புதுசா வந்த பசங்களுக்கு நீங்க இன்னா வேலை பாத்தீங்கன்னே புரியல. துண்டு எடுக்கற வேலைன்னு சொன்னா, சலவைக் கடையான்னு கேக்கறாங்க. எழுதிக் குடுங்கண்ணா."

எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் பாஸ்கர் திருத்திக்கொள்ளட்டும்.

ஆபீஸ் செங்கம் ரோட்டில், மாடியில். கீழே காபிக் கடை. வெளிநாட்டுக்காரர்கள் பகலெல்லாம் ஒரே காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேலே நாங்கள். எங்கோ வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் பேசிப் பதிவு பண்ணுவார்கள். அதைக் கேட்டு டைப் அடித்துத் திருப்பி அனுப்புவது எங்கள் ஆபீஸின் தொழில். அங்கே விடியும்போது இங்கே பொழுது சாயும். அதற்குள் போயாக வேண்டும்.

வேலை முழுக்க உள் அறையில் இருந்த ஒரு மிஷினில் நடந்தது. அதுதான் சர்வர். டைப் அடிப்பவர்கள் முன்னால் இருக்கிற ஸ்கிரீன் அதைப் பார்க்கிற கண்ணாடி மட்டும். ஆபீஸில் இருந்தாலும் சரி, வீட்டில் இருந்தாலும் சரி, பேரும் பாஸ்வேர்டும் போட்டு அந்த மிஷினுக்குள் போய் உட்கார வேண்டும். உள்ளே இத்தனை சீட்டுதான் என்று கணக்கு உண்டு. நிரம்பிவிட்டால் அடுத்த ஆள் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அதற்கு முன் நான் மினி பஸ் கண்டக்டர். முதுகு போய்விட்டது, இறங்கிவிட்டேன். ஆபீஸில் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். அப்புறம் ஜெனரேட்டர் பார்த்தேன், ஏசி பார்த்தேன், பேட்டரிக்குத் தண்ணி ஊற்றினேன். சர்வர் அறைச் சாவி என்னிடம் இருந்தது. அதனால் சர்வரும் என்னிடம் வந்தது.

எனக்கு மேலே சேகர் சார். சிஸ்டம் எல்லாம் அவர் பொறுப்பு. இளவயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். வெளியூர் கால் போட்டுக் கொடுக்கிற வேலை. லைனைப் பிடுங்குவதற்கு முன்னால் காது கொடுத்து, "பேசி முடிச்சிட்டீங்களா?" என்று கேட்பது அங்கே பழக்கமாம். அந்தப் பழக்கம் அவரைவிட்டுப் போகவில்லை. குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. சட்டையின் இடது பையில் வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, இருக்கும். தோலை மேசைமேல் போட மாட்டார். பேண்ட் பையில் போட்டுக்கொள்வார். துவைக்கிற அம்மா என்ன சொல்வார்களோ தெரியாது.

ஒரு வாரம் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஸ்கிரீனில் ஒரு லிஸ்ட் வரும். யார் உள்ளே இருக்கிறார்கள், எந்த நிலையில் இருக்கிறார்கள், எவ்வளவு நேரமாகக் கை அசையவில்லை. எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். 'ஆக்டிவ்' என்று இருந்தால் ஆள் இருக்கிறார். 'டிஸ்க்' என்று மொட்டையாக முடிந்தால் ஆள் போய்விட்டார், சீட்டு மட்டும் அவர் பேரில் கிடக்கிறது. அவ்வளவுதான் என் படிப்பு.

டிஸ்க் எப்படி வருகிறது என்றால், வேலை முடிந்ததும் மேல் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் கண்ணுக்கு எல்லாம் மூடியாச்சு. சர்வருக்குள் எதுவும் மூடவில்லை. திறந்த காகிதம் (டைப் அடிக்கிற ஃபைலை அப்படித்தான் சொல்வோம்) திறந்தபடி, சீட்டு பிடித்தபடி. முறையாக வெளியே வந்தால்தான் சீட்டு காலி ஆகும்.

சார் இதை எனக்கு மூன்று விதமாக விளக்கிப் பார்த்தார். நான் கேட்டேன்:

"சார், இவங்க பஸ்ஸ விட்டு எறங்கிட்டாங்க. ஆனா சீட்ல துண்டு கெடக்குது. அதானே?"

சார் மெல்லுவதை நிறுத்தினார். "இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"அதேதான்," என்றார்.

அன்றிலிருந்து ஆபீஸில் அதற்குப் பேர் துண்டு. முதலாளிகூட அப்படித்தான் சொல்வார். "இன்னிக்கு எவ்ளோ துண்டு மாணிக்கம்?" என்பார். சார் மட்டும் எவ்வளவு என்று கேட்க மாட்டார். நான் எண்ணிக்கை சொன்னால் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டு, "யார் யார்?" என்பார்.

துண்டு எடுப்பதற்கு முறை உண்டு. ஆள் உள்ளே இருந்து கை மட்டும் அசையவில்லை என்றால், அவர் ஸ்கிரீனுக்கு ஒரு தகவல் அனுப்ப வேண்டும். 'வேலையைச் சேமித்துக்கொள்ளவும்' என்று அவர் எதிரே வரும். ஒரு டீ குடிக்கிற நேரம் பொறுக்க வேண்டும். ஆள் போய்விட்டால் தகவல் அனுப்பிப் பிரயோஜனமில்லை, பார்க்கக் கண் இல்லை. அப்போது போன் போட வேண்டும். "முடிச்சிட்டீங்களா? எடுத்துடலாமா?" என்று கேட்க வேண்டும். எடுத்துடுங்க என்றால் எடுக்கலாம். போன் எடுக்கவில்லை என்றால் பக்கத்து சீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். அதற்கும் பதில் இல்லை என்றால் சாரிடம் வர வேண்டும். நானாக எடுக்கக் கூடாது. ஏனென்றால் சேமிக்காத எழுத்து துண்டோடு போய்விடும். திரும்ப வராது.

சார் இதை 'கட் பண்றது' என்று சொல்ல மாட்டார். "எழுப்பி அனுப்பு" என்பார்.

ஒரு பெண் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுப் போனது. துண்டு அப்படியே கிடந்தது. போன் போட்டால் நாதஸ்வரம் கேட்கிறது, குரல் கேட்கவில்லை. சாரிடம் போனேன். "அவசர காகிதமா?" என்றார். இல்லை, பழகுவதற்குக் கொடுத்தது. "அப்ப கெடக்கட்டும். கல்யாணப் பொண்ண எழுப்பாத," என்றார். விருந்தெல்லாம் முடிந்து அந்தப் பெண் வந்து உட்கார்ந்தால், வயிறு என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தை பாதியில் நிற்கிறது. வந்தவள் மீதி எழுத்தை அடித்தாள். மேற்கொண்டு அடித்துக்கொண்டே போனாள்.

முதலாளிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு சீட்டுக்கும் காசு கட்டுவது அவர். "எதுக்கு ஆள் வெச்சு போன் போட்டுக்கினு? டைம் வெச்சு விட்டுடு. கை அசையலன்னா தானா வெளிய தள்ளட்டும்," என்றார். அந்த வசதி அப்போதே இருந்தது. சார் மறுத்துப் பேசவில்லை. முதலில் ஆபீஸில் இருப்பவர்களுக்கு மட்டும் வைத்துவிட்டார்.

டாக்டர் பேசுவது சில சமயம் புரியாது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும். அப்போது கை அசையாது, காதுதான் வேலை செய்யும். மிஷினுக்குக் காது தெரியாது. கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே தள்ளியது. எல்லாரும் கத்தினார்கள். பாஸ்கர் மட்டும் கத்தவில்லை. அவனை மட்டும் மிஷின் தள்ளவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சார் அவன் பின்னால் போய் நின்றார். நானும் போனேன். பாஸ்கர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் கீபோர்டில், கோயிலில் அர்ச்சனை பண்ணி வாங்கிய தேங்காய் மூடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஸ்பேஸ் பட்டன்மேல் உட்கார்ந்து அழுத்திக்கொண்டிருந்தது. மிஷின் கணக்கில் அவன் நிற்காமல் டைப் அடித்துக்கொண்டிருக்கிறான். ஸ்கிரீனில் வெறும் வெள்ளைப் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

சார் மூடியை எடுத்தார். பாஸ்கர் கண்ணைத் திறந்தான்.

"சாமி பிரசாதம் சார்," என்றான்.

"தெரியுது. பக்கம் பக்கமா அருள் குடுத்திருக்கார்," என்றார் சார்.

மூடியை உடைத்து எல்லாருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். முதலாளி அறைக்கும் ஒன்று எடுத்துப் போனார். என்ன பேசினார் என்று தெரியாது. திரும்பி வந்து, "மாணிக்கம், நீயே போன் போடு," என்றார். டைம் வைத்ததை எடுத்துவிட்டார்.

ஆனால் துண்டு கம்மி ஆகவில்லை. வெளியே வருகிற பட்டன் எங்கோ மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது, அதனால்தான் அழுத்துவதில்லை என்று சார் நினைத்தார். ஆளாளுக்கு ஸ்கிரீன் நடுவிலேயே சிவப்பில் ஒரு பெரிய பட்டன் வைத்தார். இங்கிலீஷ் வேண்டாம் என்று தமிழிலேயே எழுதினார். 'வெளியேறு.' அகராதி பார்த்து எழுதியது. அப்படியும் யாரும் தொடவில்லை. முக்கியமாக வீட்டிலிருந்து வேலை செய்கிற பெண்கள் தொடவே இல்லை. "இவ்ளோ பெரிசா வெச்சும் கண்ணுக்குத் தெரியலியா?" என்று சார் என்னைக் கேட்டார். எனக்கும் விளங்கவில்லை.

முதலாளி தனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தார். "வூட்லருந்து பண்றவங்களுக்குப் பொறுப்பு இல்ல. இன்னொரு தடவ இவங்களால வேலை லேட்டாச்சுன்னா எல்லாரும் ஆபீஸுக்கு வந்துடணும். வர முடியாதவங்க நின்னுக்கட்டும்," என்றார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

அதில் நேராக அடிபடுகிறவள் ரேவதி. வீடு அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையிலேயே வீடு. புருஷன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மாமியாருக்குக் கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. ரேவதி வீட்டை விட்டு நகர முடியாது. டைப்பில் அவளுக்கு இணை இல்லை. தூங்கி வழிகிற டாக்டர் பேச்சுகூட அவளுக்குப் புரியும். ஆனால் துண்டு போடுவதிலும் அவள்தான் முதல்.

அடுத்த பௌர்ணமி வெள்ளிக்கிழமையில் வந்தது.

பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் ரோடு ஜனத்துக்குச் சொந்தம். கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் செல்போனும் செத்துவிடும். இருக்கிற டவர் வந்த கூட்டத்துக்குப் போதாது. ஆபீஸுக்கு வர முடியாதவர்கள் அன்றைக்கு வீட்டிலிருந்தே செய்வார்கள். சீட்டு நெருக்கடி அன்றுதான் ஜாஸ்தி.

அன்று ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் காகிதங்கள் மொத்தமாகப் போக வேண்டும். எல்லாரும் அடித்து முடித்தாயிற்று. தப்பு பார்த்து அனுப்புகிற நிர்மலா மேடம் கூப்பிட்டார்.

"மாணிக்கம், ரேவதி காகிதம் தொறக்க மாட்டேங்குது. யாரோ உள்ள வெச்சிருக்காங்கன்னு காட்டுது."

லிஸ்டைப் பார்த்தேன். ரேவதி பேர். டிஸ்க். காலையிலிருந்து கை அசையவில்லை. காகிதத்தைத் திறந்தபடி பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போயிருக்கிறாள். ஒருவர் திறந்து வைத்திருக்கிற காகிதத்தை இன்னொருவர் தொட முடியாது. போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பத் திரும்ப அதையே சொன்னது.

சாரிடம் போனேன்.

"யார்?" என்றார்.

"ரேவதி."

மல்லாட்டையைப் பைக்குள் திருப்பிப் போட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அன்றுதான்.

"எழுப்பி அனுப்பினா காகிதம் தொறந்துடும். ஆனா சேவ் பண்ணலன்னா காலைல அடிச்சது பூரா போயிடும். திரும்ப அடிக்க நேரமில்ல. வேலை லேட்டு," என்றார்.

"எழுப்பாம வுட்டா?"

"அப்பவும் லேட்டு."

எப்படிப் பார்த்தாலும் ரேவதி வேலை போகிறது. அவளோடு வீட்டிலிருந்து செய்கிற மற்றவர்களுக்கும் போகிறது.

நிர்மலா மேடம் கேட்டார், "சார், நீங்க அவ பாஸ்வேர்ட மாத்திட்டு அவ பேர்ல உள்ள போய் சேவ் பண்ணிடலாமே? அஞ்சு நிமிஷ வேலை."

"பண்ணலாம்," என்றார் சார். "நோயாளி காகிதம். அவ பேர்ல நான் போய் உக்காந்தேன்னா, நாளைக்கு அதுல ஒரு எழுத்து தப்புன்னா அவ மேல வரும். ஒருத்தர் லைன்ல இன்னொருத்தர் பேசக் கூடாதும்மா."

சார் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். ரோடு நிறைய ஜனம் மேற்கே போய்க்கொண்டிருந்தது. வெயில் இறங்கவில்லை, அதற்குள் அத்தனை கூட்டம்.

"அவ வூட்டுல நெட்டு எப்படி?" என்றார்.

"கேபிள்காரன் ஒயர் சார். நேரா கம்ப்யூட்டர்ல சொருகியிருக்கும். அது செத்திருக்காது. போன்தான் செத்துடுச்சு."

"அப்ப அவகிட்ட யாராவது சொன்னாப் போதும்."

என்னைப் பார்க்கவில்லை. ரோட்டைத்தான் பார்த்தார். நான் கிளம்பினேன்.

அவசரத்தில் செருப்போடு போய்விட்டேன். பாதை முழுக்க வெறுங்கால். நான் ஒருத்தன்தான் செருப்பு. வேகமாக வேறு போகிறேன். விழுப்புரம் பக்கத்து அம்மா ஒருத்தர் பிடித்துக்கொண்டார்.

"ஏம்பா, மலைய சுத்த வந்தியா, ரேஸுக்கு வந்தியா?"

"சுத்த வரலம்மா. டூட்டி."

"செருப்பு போட்டுக்கினு சாமி பாதைல இன்னா டூட்டி?"

"ஒரு பொண்ண சேவ் பண்ணச் சொல்லணும்."

அந்த அம்மா பக்கத்தில் வந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "யாரையோ காப்பாத்தப் போறாராம். வழி வுடுங்க."

வழி விட்டார்கள். அது கொஞ்ச தூரத்துக்கு முன்னாலும் பரவிவிட்டது. என்ன ஆபத்து என்று ஒருவர் கேட்டார். காகிதம் என்றேன். கோர்ட்டு காகிதமா என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். விளக்க நேரமில்லை.

ரேவதி வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டு மோர்க் கடை. மாமியார் கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். ரேவதி உள்ளிருந்து குடம் சுமந்து வந்துகொண்டிருந்தாள். புருஷனும் பெங்களூரிலிருந்து வந்திருந்தான், தம்ளர் கழுவினான்.

"அண்ணா, நீங்களா? கிரிவலமா?" என்றாள்.

"உன் காகிதத்த சேவ் பண்ணியா?"

"மூடிட்டேனே."

"மூடறது வேற, சேவ் வேற."

"எதுக்குண்ணா சேவ்? திரும்ப உள்ள போனா வுட்ட எடத்துலயே இருக்குது. ஒரு நாளும் எங்கயும் போனதில்ல."

அதுதான் விஷயம். துண்டு போடுவதையே அவர்கள் சேமிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு எடுத்ததால் ஒரு தடவைகூட அவர்கள் யாருக்கும் எழுத்து தொலையவில்லை. தொலையாததால் சேமிக்கப் பழகவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். குடத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். கம்ப்யூட்டர் கூடத்தில், சாமி படத்துக்குக் கீழே இருந்தது. பேர் போட்டு உள்ளே போனாள். காலையில் விட்ட இடம் அப்படியே வந்தது. சேமித்தாள். காகிதத்தை மூடினாள்.

"இப்ப அந்த செவப்பு பட்டன அழுத்திட்டு வெளிய வாம்மா."

கை நின்றுவிட்டது. வாசல் பக்கம் பார்த்தாள்.

"அது வேணாம்ணா. பெருக்கல் போட்டுக்கறேன்."

"ஏன்?"

அவள் சொல்வதற்குள் வாசலிலிருந்து மாமியார் குரல் வந்தது. "இன்னா தம்பி, அந்த பட்டனா? வெள்ளிக்கிழமை அதுவுமா, பௌர்ணமியும் அதுவுமா, சாமிப் படத்துக்குக் கீழ ஒக்காந்துக்கினு வூட்டுப் பொண்ணு 'வெளியேறு'ன்னு அழுத்துவாளா? யார வெளிய போவச் சொல்லுது அது?"

"சர்வர விட்டு அத்தை," என்றாள் ரேவதி.

"சர்வர் எங்க கீது, வூடு எங்க கீது? எழுத்து வூட்டுக்குள்ள தானே எரியுது. அதான் அழுத்தாதன்னு சொல்லி வெச்சிருக்கேன். பக்கத்துத் தெரு செல்வியும் இதயே தான் சொன்னா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். எங்கள் பக்கம் கடைக்குப் போகிறவர்கள்கூடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போக மாட்டார்கள். நாங்கள் ஸ்கிரீன் நடுவில் சிவப்பு எழுத்தில் 'வெளியேறு' என்று போட்டுவிட்டு ஏன் யாரும் அழுத்தவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

"நீங்க சொல்றது சரிதாங்க," என்றேன். "ஆனா அது அழுத்துனாத்தான் சீட்டு காலி. இவ வேலையே அதுல நிக்குது. இன்னா பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

மாமியார் யோசித்தார். ஒரு ஆளுக்கு மோர் ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் சொன்னார்:

"ரேவதி, 'போயிட்டு வரேன்'னு வாய்விட்டு சொல்லிட்டு அழுத்து. தோஷமில்ல."

ரேவதி சாமி படத்தைப் பார்த்தாள், ஸ்கிரீனைப் பார்த்தாள். "போயிட்டு வரேன்," என்றாள். அழுத்தினாள். ஸ்கிரீன் சுத்தமாக மூடியது.

அடுத்த வாரமே சார் அந்தப் பட்டனை மாற்றிவிட்டார். 'போயிட்டு வரேன்' என்று எழுதினார், நிறத்தையும் பச்சையாக்கினார். இப்போது சென்னைக்குப் போன பிறகும் எழுத்து அதுதான் என்று பாஸ்கர் சொன்னான். அதற்கப்புறம் எனக்கு வேலை கம்மி. துண்டு ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் பாஸ்கருடையது. ஆனால் அன்றைய விஷயம் இன்னும் முடியவில்லை.

ரேவதி வாசல் வரை வந்தாள். "அண்ணா, முதலாளி இன்னா சொல்வாரு?"

"காகிதம் நேரத்துக்குப் போனா ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"போச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? இவரு விடியக்கால பஸ்ஸுக்குக் கெளம்பறாரு. வேலை இல்லன்னா நாங்களும் வூட்டப் பூட்டிக்கினு கூடவே போறதுன்னு பேசி வெச்சிருக்கோம். இங்க ஒருத்தர் சம்பளத்துல ஆவாது. எதுவா இருந்தாலும் ராத்திரிக்குள்ள சொல்லுங்கண்ணா."

புருஷன் தம்ளர் கழுவுவதை நிறுத்தியிருந்தான். மாமியார் என்னைப் பார்க்கவில்லை. மோர்ப் பானையைத்தான் பார்த்தார். அந்தக் காலோடு பெங்களூரில் எந்த மாடி ஏறுவார் என்று நினைத்தேன்.

"சொல்றேன்," என்றேன்.

மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். மாமியார் கையைத் தட்டினார்.

"தம்பி, எங்க திரும்பற? பாதி சுத்திட்டு யாராவது திரும்புவாங்களா? முழுசா சுத்திட்டுப் போ."

"நான் சுத்தலக்கா. டூட்டி."

"காலு சுத்துச்சில்ல. அதுக்குத் தெரியுமா டூட்டி?"

எதிரே வருகிற கூட்டத்தைப் பார்த்தேன். அதற்குள் புகுந்து திரும்புவதும் சுலபமில்லை. முன்னால் திரும்பி நடந்தேன். இந்த ஊரிலேயே பிறந்தவன். கண்டக்டராக இருந்தபோது பௌர்ணமிக்கு ஸ்பெஷல் ட்ரிப். ஆபீஸில் பௌர்ணமிக்கு சீட்டு நெருக்கடி. ஒரு பௌர்ணமிக்கும் முழுசாகச் சுற்றியதில்லை. அன்று சுற்றினேன். சாமி கும்பிடவில்லை. காகிதம் போயிருக்குமா, நிர்மலா மேடம் பார்த்து முடித்திருப்பாரா, இதுதான் வழி முழுக்க. பெரிய கோபுரத்துக்கு எதிரே வந்தபோது எல்லாரும் நின்று கும்பிட்டார்கள். நானும் நின்று, காகிதம் போயிருக்கணும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஆபீஸுக்கு வரும்போது விளக்கு வைத்தாயிற்று. மாடிப்படி ஏற முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். சார் மேசையில் இருந்தார். மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"போச்சா சார்?"

"நேரத்துக்குப் போச்சு. நிர்மலா சொன்னா, மொத்தக் கட்டுல தப்பே இல்லாத காகிதம் அதுதானாம்."

"முதலாளி?"

"பேசினேன். வூட்லருந்து பண்றவங்க பண்ணட்டும்னுட்டாரு. நீ நடந்து போனத சொன்னேன். சிரிச்சாரு. எங்க இவ்ளோ நேரம்?"

"மலைய சுத்திட்டேன் சார். பாதில திரும்பக் கூடாதாம்."

சார் தலையாட்டினார். நாற்காலியை நகர்த்திப் போட்டார். உட்கார்ந்தேன். ரேவதி சொன்னதைச் சொன்னேன். விடியக்கால பஸ், பூட்டு, ராத்திரிக்குள் சொல்ல வேண்டும் என்று கேட்டது, எல்லாம். சார் போனை எடுத்துப் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே. நான் போட்டேன். அதுவேதான்.

"ஸ்கிரீன்ல தகவல் அனுப்பு," என்றார்.

லிஸ்டைத் திறந்தேன். அத்தனை நாளும் எந்த நேரத்தில் திறந்தாலும் கிடக்கிற பேர் அது. மேலிருந்து கீழ் வரை தேடினேன்.

"இல்ல சார். ஒழுங்கா வெளிய போயிட்டா. அனுப்ப ஆள் இல்ல."

சார் லிஸ்டைப் பார்த்தார். அப்புறம் என் காலைப் பார்த்தார். நானும் என் காலைப் பார்த்தேன். ரோட்டில் ஜனம் இன்னும் மேற்கே போய்க்கொண்டிருந்தது. சார் பையில் இருந்த மல்லாட்டை முழுவதையும் எடுத்து என் கையில் கொட்டினார்.

"டீ குடிச்சிட்டு கெளம்பறேன் சார்," என்றேன்.